முரசுச் சிகிச்சை: பொக்கற் குறையுது சரி, நோயாளியின்ரை நாள் எப்பிடிப் போகுது?

#1 வடலி

முரசு (பல்லு ஈறு) நோய்ச் சிகிச்சையிலை நிக்கிற ஆக்களிட்டை ஒண்டு கேக்கவேணும். எங்கடை அட்டையிலை நாங்கள் எழுதுறது இரண்டே இரண்டு: பொக்கற்றின்ரை, அதாவது பல்லுக்கும் முரசுக்கும் இடையிலை விழுந்த பள்ளத்தின்ரை, ஆழம் எத்தினை மில்லிமீற்றர், தொட்டால் இரத்தம் வருதோ இல்லையோ. 6 கிடந்தது 4 ஆகி இரத்தமும் நிண்டால் "நல்ல மாற்றம்" எண்டு எழுதிப்போட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுறம். அதே ஆள் கதிரையாலை இறங்கேக்கை சொல்லுறது வேறை. "பல்லு நீண்டு போச்சு டொக்டர். இடையிலை ஓட்டை விழுந்திட்டுது. பச்சைத்தண்ணி வாயிலை வைக்கேலாமல் கிடக்கு."

அட்டையும் பொய் இல்லை, அந்த ஆள் சொல்லுறதும் பொய் இல்லை. நாலு தரம் வரச்சொல்ல இரண்டோடை நிண்டுபோற ஆக்கள் எல்லாரும் அக்கறை இல்லாத ஆக்கள் இல்லை. முதல் தரம் செய்தாப்போலை வருத்தம் கூடினமாதிரி இருந்தால் ஆர் திரும்பி வருவினம்? "சுரண்டினால் பல்லு ஆடும்" எண்ட கதை ஊரிலை அசையாமல் நிக்கிறதும் இதாலைதான்.

என்ரை நிலைப்பாடு இதுதான். சிகிச்சையாலை ஆளுக்கு என்ன திரும்பக் கிடைக்கும், என்ன போகும், எந்தக் கிழமையிலை எது வரும் எண்டு ஸ்கேலிங் (பல்லிலை கல்லாப் படிஞ்ச காரையைச் சுரண்டி எடுக்கிறது) தொடங்க முதலே சொல்லவேணும். அதுக்கு ஒரு பக்கத் தாள் ஒண்டு தமிழிலை எழுதலாம் எண்டு நினைக்கிறன். சாப்பாடு, நித்திரை, கதை, சிரிப்பு இந்த நாலிலையும் என்ன மாறுது எண்டு உங்களுக்குத் தெரிஞ்சதைப் போடுங்கோ. நாள்க்கணக்கும் அளவும் இருந்தால் நல்லது.

#2 மில்லிமீற்றர்

முதலில் "பல்லு நீண்டு போச்சு" என்பதை எடுத்துக்கொள்கிறேன். அதிகம் பேர் பயப்படுவது அதற்குத்தான்.

பொக்கற் குறைவது இரண்டு வழியால். ஒன்று, வீக்கம் வற்றி முரசின் விளிம்பு வேர்ப்பக்கமாக ஒதுங்குவது. மற்றது, அடியில் முரசு வேரோடு திரும்ப ஒட்டுவது. 4 முதல் 6 மில்லிமீற்றர் வரையான பொக்கற், வேரை நன்றாகத் துப்புரவாக்கினால் சராசரியாக 1 மில்லிமீற்றர் அல்லது சற்று அதிகம் குறையும். 7 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் என்றால் 2 மில்லிமீற்றர் அளவில் குறையும். இரண்டிலும் ஏறத்தாழப் பாதி, விளிம்பு ஒதுங்குவதால் வருவது. ஆகவே நன்றாக மாறினவருக்குத்தான் பல் நீளமாகத் தெரியும். பல் வளரவில்லை. எலும்பு பல வருடமாகக் கரைந்து போனதை, வீங்கின முரசு மூடி வைத்திருந்தது. மூடி விலகியிருக்கிறது. முன்பற்களுக்கு இடையில் தெரியும் கறுப்பு முக்கோணமும் இதே கணக்குத்தான்.

இதைக் கண்ணாடி கொடுத்துக் காட்டவேண்டும். அளவுக்கம்பியை 6 வரை உள்ளே விட்டு, "இவ்வளவு தூரம் பல்லில் ஒன்றும் ஒட்டியில்லை" என்று ஆளே பார்க்கச் செய்தால் பின்னால் வரும் பாதி முறைப்பாடு வராது.

அடுத்தது ஆட்டம். கீழ் முன்பற்களின் உட்பக்கத்தில் காரை கட்டியாகப் படிந்தால் நாலைந்து பல்லையும் சேர்த்துப் பிடிக்கும் சீமெந்து போல நிற்கும். அதை எடுத்தால் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியில் தெரியவரும். முதல் ஒன்றிரண்டு கிழமைக்கு இன்னும் கூட ஆடுவதுபோல் இருக்கலாம். வீக்கம் வற்ற வற்றப் பல் இறுகும், 3 மாதத்தில் பலருக்கு வித்தியாசம் தெளிவாகத் தெரியும். மேலும் கீழுமாகவே அசைகிற பல்லுக்கு இந்த வாக்கைக் கொடுக்கக்கூடாது. அதை முதல் நாளே பிரித்துச் சொல்லிவிடவேண்டும்.

கூச்சம் மூன்றாவது. வேரின் மேல்தோல் மெல்லியது. அது போனால் கீழே நுண்குழாய்கள் திறந்து நிற்கும். குளிர் பட்டதும் அவற்றுக்குள் இருக்கும் திரவம் அசைந்து நரம்பைத் தட்டும். வேர் துப்புரவாக்கினவர்களில் சுமார் பாதிப் பேருக்கு இது வரும். முதல் கிழமைகளில் கூடி நின்று பிறகு தானாகத் தணியும். 5 வீதம் பொற்றாசியம் நைத்திரேற்று உள்ள பற்பசை வேலைசெய்ய 2 முதல் 4 கிழமை எடுக்கும். கூசத் தொடங்கின பிறகு வாங்கச் சொல்வது பிந்தின வேலை. ஸ்கேலிங்குக்கு 2 கிழமை முன்பே தொடங்கவேண்டும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் மருந்தும் போய்விடும். தேசிக்காய்த் தண்ணியும் புளியும் அந்த நுண்குழாய்களை இன்னும் திறக்கும். அவற்றைக் குடித்த கையோடு பல் துலக்காமல் ஒரு மணித்தியாலம் விடுவது நல்லது.

நாள்க்கணக்கு: விறைப்பு 2 முதல் 3 மணித்தியாலம். நோ 1 அல்லது 2 நாள், பெரும்பாலும் பரசிற்றமோலுக்கு அடங்கும். துலக்கும்போது இரத்தம் 1 முதல் 2 கிழமைக்குள் குறையும். வாய் மணம் அதோடு சேர்ந்தே குறையும். சப்புவது சுகமாவது 4 முதல் 8 கிழமை. திரும்ப ஆழம் அளப்பது 6 முதல் 8 கிழமைக்கு முன் வேண்டாம். புதிதாக ஒட்டுகிற இடத்தைக் கம்பி குத்திக் கிழிக்கும்.

#3 ஏழுபக்கம்

வடலி கேட்ட "நாள் எப்படிப் போகுது" என்பதை அளக்க வழி இருக்கிறது. ஓஹிப் 14 என்ற கேள்விக்கொத்து 1997 இல் வந்தது. அதற்கு முந்தியது 49 கேள்வி கொண்டது, அதைச் சுருக்கினதுதான் இது. ஏழு பக்கம் (தாளின் பக்கம் அல்ல, வாழ்க்கையின் பக்கம்), பக்கத்துக்கு இரண்டு கேள்வி: சொல் உச்சரிப்பும் சுவையும், நோவும் சாப்பிடும்போது அந்தரமும், மனக்கூச்சமும் பதற்றமும், சாப்பாடு திருப்தியில்லாமல் போவதும் இடையில் நிறுத்துவதும், ஆறமுடியாமையும் வெட்கமும், மற்றவரில் எரிந்து விழுவதும் வேலை செய்யக் கஷ்டப்படுவதும், வாழ்க்கையில் திருப்தி குறைவதும் ஒன்றுமே செய்யமுடியாமல் போவதும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. மொத்தம் 0 முதல் 56. கூடினால் மோசம். 5 நிமிடம் போதும், தாதி கேட்டு எழுதலாம்.

பிழை வரும் இடங்களைச் சொல்கிறேன், இதுதான் முக்கியம்.

மூலக் கேள்விகள் போன 12 மாதத்தைக் கேட்கும். சிகிச்சை முடிந்து 2 மாதத்தில் அப்படியே கேட்டால் பழைய நோவும் சேர்ந்து எண்ணப்படும், மாற்றம் தெரியாது. "போன ஒரு மாதத்தில்" என்று மாற்றி, முதல் நாளும் 8 ஆவது கிழமையும் ஒரே மாதிரிக் கேட்கவேண்டும்.

14 கேள்வியிலும் இரத்தக் கசிவு என்ற சொல்லே இல்லை. வாய் மணமும் இல்லை. முரசு நோய்க்காரரை ஊர் உலகத்திலிருந்து ஒதுக்கி வைப்பதே வாய் மணம்தான். கலியாண வீட்டில் கையால் வாயைப் பொத்திக்கொண்டு கதைப்பது, பேரப்பிள்ளையைக் கொஞ்சாமல் தள்ளி நிற்பது, பஸ்ஸில் பக்கத்து ஆள் கேட்டால் தலையாட்டி மட்டும் விடுவது இவையெல்லாம் அந்த 56 புள்ளிக்குள் நேராக வரா. இந்த இரண்டையும் நாங்களாகத் தனியே சேர்த்துக் கேட்கவேண்டும், ஆனால் மொத்தப் புள்ளியில் கூட்டக்கூடாது.

தமிழில் ஒரு தனிச் சிக்கல். மூன்றாம் பக்கத்து முதல் கேள்வியைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி "பல்லால் உங்களுக்குக் கூச்சம் ஏற்பட்டதா" என்று கேட்டால், "ஓம், குளிர்த்தண்ணி குடிச்சால் கூசும்" என்று பதில் வரும். மனத்தைக் கேட்டோம், பல்லைப் பற்றிப் பதில் வந்தது. இரண்டுக்கும் எங்களிடம் ஒரே சொல். "நாலு பேருக்கு முன்னாலை கதைக்க, சிரிக்கப் பின்னிக்கிறனீங்களோ" என்று கேட்டால் சரியான பதில் வரும்.

"சாப்பாட்டில் கஷ்டம் இருக்கோ" என்றாலும் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள், புள்ளி 0 விழும். எந்தப் பக்கத்தால் சப்புறீங்கள் என்று கேளுங்கள். புழுக்கொடியலை முறித்துக் கடிக்கிறீங்களோ, இடித்து மாவாக்கித்தான் சாப்பிடுறீங்களோ என்று கேளுங்கள். பத்து வருடமாக ஒரு பக்கத்தால் சப்புகிறவருக்கு அது கஷ்டமாகவே தெரிவதில்லை.

#4 குறிகட்டுவான்

வடலி அண்ணை, தீவுப்பக்க ஆக்களின்ரை கணக்கையும் சேருங்கோ. நெடுந்தீவிலையிருந்து ஒராள் யாழ்ப்பாணம் வாறதெண்டால் வள்ளம், பிறகு பஸ், திரும்பிப்போக வள்ள நேரம். வாடைக்காத்து எழும்பினால் அதுவும் நிச்சயமில்லை. வாயை நாலாப் பிரிச்சு நாலு கிழமை வா எண்டு சொன்னால் நாலு நாள் கூலி போச்சு. ஆழம் குறைஞ்சு வாழ்க்கைத் தரம் கூடிச்சுதெண்டு எழுத முதல் அந்த நாலு நாளையும் கழிக்கவேணும்.

நாலு பங்காச் செய்தாலும், முழு வாயையும் 24 மணித்தியாலத்துக்குள்ளை செய்து முடிச்சாலும் முடிவிலை பெரிய வித்தியாசம் இல்லையெண்டுதான் ஆய்வுகள் காட்டுது. அப்ப ஏன் தூரத்து ஆக்களுக்கும் நாலு தரம்?

#5 மில்லிமீற்றர்

குறிகட்டுவான் சொல்வது நியாயம். ஆனால் முழு வாயையும் ஒரே நாளில் எல்லோருக்கும் செய்யமுடியாது. இரண்டு காரணம்.

ஒன்று விறைப்பு ஊசி. 2 வீத லிக்னோகெயின், 2.2 மில்லிலீற்றர் குழாய் ஒன்றில் 44 மில்லிகிராம் மருந்து இருக்கும். கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் என்ற பழைய கவனமான எல்லையை வைத்தால் 45 கிலோ ஆச்சி ஒருவருக்கு 198 மில்லிகிராம், அதாவது நாலரைக் குழாய். முழு வாய்க்கு அது போதாமல் போகும். மற்றது, முழு வாயையும் ஒன்றாகக் கிளறினால் அடுத்த நாள் உடம்பு முழுக்க அழற்சி சற்று ஏறும், மெல்லிய காய்ச்சலும் வரலாம். அண்மையில் மாரடைப்பு வந்தவர், சீனி கட்டுப்படாதவர் போன்றோருக்கு அதைத் தவிர்ப்பது நல்லது.

நடுவழி இருக்கிறது. இரண்டு தரம். முதல் நாள் வலது மேலும் வலது கீழும், அடுத்த தரம் இடது மேலும் இடது கீழும். மேல் முழுக்க ஒரு நாள், கீழ் முழுக்க ஒரு நாள் என்று பிரிக்கவேண்டாம். கீழ்த் தாடை இரண்டு பக்கமும் விறைத்தால் நாக்கும் சொண்டும் தெரியாது. தேத்தண்ணி வழியும், நாக்கைக் கடித்துக்கொள்வார். பக்கம் பக்கமாகச் செய்தால் சப்ப ஒரு பக்கம் எப்போதும் மிஞ்சும். வள்ளத்தில் திரும்பிப் போகிறவருக்கு இது பெரிய உதவி.

#6 வெள்ளைத்தொப்பி

நீரிழிவு கிளினிக் பக்கத்தாலை கொஞ்சம் சொல்லுறன்.

இரத்தம் குத்திப்பாக்கிற நாளிலை வெறுவயித்தோடை வந்து, "வந்ததோடை பல்லையும் காட்டிப்போட்டுப் போவம்" எண்டு அப்பிடியே பல்லுக் கதிரையிலை இருக்கிற ஆக்கள் இருக்கினம். அது ஆபத்து. மாத்திரை போட்டு, சாப்பிடாமல், அதுக்குமேலை 3 மணித்தியாலம் விறைச்ச வாயோடை ஒண்டும் தின்னேலாமல் இருந்தால் சீனி விழும், கை நடுங்கும், வேர்க்கும். இரத்தம் குடுத்த உடனை சாப்பிட்டு, வழமையான மருந்தைப் போட்டிட்டுத்தான் பல்லுக்குப் போகவேணும். காலமை நேரம் நல்லது. விறைப்பு விடுற வரைக்கும் கஞ்சியைச் சூடு ஆறவிட்டுக் குடிக்கலாம். சுடச்சுடக் குடிச்சால் சொண்டு வெந்தாலும் தெரியாது.

முரசுச் சிகிச்சையாலை 3, 4 மாதத்திலை மூண்டு மாதச் சராசரிச் சீனி அளவு சுமார் 0.4 வீதப் புள்ளி இறங்கும். சின்ன எண்ணாத் தெரியும், ஆனால் நீரிழிவுக்கு அது சின்னன் இல்லை. மற்றப்பக்கமும் உண்மை: சீனி கூட இருந்தால் முரசு ஆறப் பிந்தும்.

எண்ணிலை வராத ஒண்டு இருக்கு. பல்லு நொந்தால் ஆக்கள் என்னத்தைத் தின்னினம்? முருங்கைக்காய் விட்டாச்சு, கச்சான் விட்டாச்சு, இறைச்சி விட்டாச்சு, நார்க்கீரை விட்டாச்சு. பாணைத் தேத்தண்ணியிலை தோய்ச்சு மூண்டு நேரமும். நாங்கள் கிளினிக்கிலை மரக்கறி கூடத் தின்னுங்கோ, வெள்ளைமாவைக் குறையுங்கோ எண்டு கொப்பியிலை எழுதிவிடுறம். சப்பேலாத வாய்க்கு அந்த அறிவுரை என்னத்துக்கு? சீனி ஏறி நிக்கிற ஆளிட்டை "எந்தப் பக்கத்தாலை சப்புறியள்" எண்டு ஒரு கேள்வி கேட்டால் பாதி விளங்கும். ஏழுபக்கம் சொன்ன அதே கேள்விதான்.

#7 குளிகை

மருந்துப்பக்கம்.

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிகொல்லி வாய் கொப்பளிப்பு மருந்து 0.2 வீதம் என்றால் ஒரு தரத்துக்கு 10 மில்லிலீற்றர், நாளுக்கு 2 தரம். 0.12 வீதம் என்றால் 15 மில்லிலீற்றர். பற்பசையின் நுரைமருந்தும் இதுவும் ஒன்றையொன்று முறிக்கும், ஆகவே துலக்கி 30 நிமிடம் கழித்துக் கொப்பளிக்கவேண்டும். 2 கிழமைக்கு மேல் வைத்தியர் சொல்லாமல் தொடரக்கூடாது. நஞ்சு என்பதால் இல்லை. பல்லும் நாக்கும் கபில நிறமாகும், சுவை மாறும். எங்கள் ஊரில் நாளுக்கு ஐந்தாறு தரம் பிளேன்ரீ குடிக்கிறவருக்கு நிறம் இன்னும் கெதியாகப் பிடிக்கும். "முரசுக்கு மருந்து செய்து பல்லு கறுத்துப்போச்சு, சொதியிலை உப்புத் தெரியேல்லை" என்ற குறை பெரும்பாலும் சிகிச்சையால் வருவது அல்ல, இந்தப் போத்தலால் வருவது. போத்தலைக் கொடுக்கும்போதே இதைச் சொன்னால் ஆள் பயப்படமாட்டார். நிறுத்தினால் சுவை திரும்பும், நிறத்தைத் துடைத்து எடுக்கலாம். கொப்பளித்து ஒரு மணித்தியாலம் தேத்தண்ணியைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.

உப்புத் தண்ணீர் முதல் சில நாளுக்கு ஆறுதல் தரும். ஒரு தம்ளர் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி காணும். அதனால் காரை கரையாது, பொக்கற்றுக்குள்ளும் போகாது.

அன்ரிபயோற்றிக் எல்லோருக்கும் தேவையில்லை. துப்புரவு செய்யாமல் மாத்திரை மட்டும் விழுங்கினால் ஒரு கிழமை இரத்தம் நிற்கும், பிறகு பழையபடி. பாமசியில் "பல்லு வீங்கியிருக்கு, ஏதும் தாங்கோ" என்று கேட்டு மெற்றோனிடசோல் வாங்குகிறவர்கள் கவனிக்கவேண்டியது: அதோடு கள்ளோ சாராயமோ கூடாது, முடித்து 2 நாள் வரையும் கூடாது. வார்பரின் போடுகிறவருக்கு அது இரத்தத்தை இன்னும் நீர்க்கப்பண்ணும்.

அஸ்பிரின், குளோப்பிடோகிறல், வார்பரின் போடுகிறவர் ஸ்கேலிங்குக்காகத் தானாக நிறுத்தக்கூடாது. பல்லுக்கு நிறுத்தி இருதயத்தில் அடைப்பு வருவது மிகப் பெரிய நட்டம். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். செயற்கை இருதய வால்வு உள்ளவர், முன்பு இருதய உட்சவ்வில் கிருமித் தொற்று வந்தவர் கட்டாயம் முதலே சொல்லவேண்டும். அவர்களுக்கு ஸ்கேலிங்குக்கு முன் மருந்து கொடுக்க வேண்டிவரும்.

இன்னொன்று: பிறசருக்கு நிபெடிபின், அம்லோடிபின் போடுகிறவருக்கும், வலிப்புக்குப் பெனிற்றோயின் போடுகிறவருக்கும் முரசு தடித்து வளரலாம். எத்தனை தரம் சுரண்டினாலும் திரும்ப வருகிறதென்றால் மருந்துப் பட்டியலைப் பாருங்கள். மாற்றுவது மருந்து எழுதினவரின் வேலை.

#8 ஆழக்கிணறு

எங்கடை கிணத்துத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுத் தண்ணி. கேத்திலுக்குள்ளை வெள்ளையாப் படியுது. பல்லிலை காரை படியிறதும் அதாலைதானே? பில்டர் பூட்டினால் ஸ்கேலிங் தேவைப்படாதோ?

#9 மில்லிமீற்றர்

இல்லை. கேத்தில் வேறு, பல் வேறு. பல்லில் படிகிற கல்சியமும் பொசுபேற்றும் உமிழ்நீரிலிருந்து வருகின்றன. முரசுக்கு அடியில் படிவதற்கு, முரசின் இடுக்கில் ஊறும் நீரிலிருந்து வருகின்றன. உமிழ்நீர்ச் சுரப்பி திறக்கும் இடத்துக்கு நேரே, கீழ் முன்பல்லின் உட்பக்கத்திலும் மேல் கடைவாய்ப்பல்லின் கன்னப்பக்கத்திலும் காரை அதிகம் படிவது அதனால்தான். தண்ணீரால் என்றால் எல்லாப் பல்லிலும் ஒரே அளவு படியவேண்டுமே. கிருமிப் படலம் துலக்காமல் கிடந்தால்தான் அது கல்லாகும். பில்டருக்குக் கொடுக்கும் காசில் பல்லிடுக்குப் பிறஷ் வாங்கலாம்.

#10 பனங்கூடல்

வெற்றிலையும் சுருட்டும் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. புகையிலை முரசின் இரத்தக் கசிவை மறைக்கும். இரத்தம் வரவில்லை, ஆகவே நோயில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது எலும்பு போய்க்கொண்டிருக்கும். சிகிச்சை செய்தாலும் ஆழம் குறைவது புகைக்காதவரைவிடக் குறைவு. நிறுத்தினவருக்கு முதல் கிழமைகளில் துலக்கும்போது இரத்தம் கூடலாம். "விட்டதாலை வருத்தம் வந்திட்டுது" என்று திரும்பப் பிடித்துவிடுவார்கள். இதுவும் அந்தத் தாளில் போகவேண்டும். வெற்றிலை போடுகிறவருக்குக் கன்னத்துக்குள் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஆறாத இடம் இருக்கிறதா என்றும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். வாய்ப் புற்றுக்கு அதுதான் முதல் அடையாளம்.

சத்திரசிகிச்சை பற்றி. முதல் கட்டத் துப்புரவுக்குப் பிறகும் 6 மில்லிமீற்றரோ கூடவோ ஆழம் மிஞ்சின இடத்துக்குத்தான் முரசைத் திறந்து செய்ய யோசிக்கவேண்டும். 4, 5 மிஞ்சினால் திரும்ப ஒருக்கால் துப்புரவாக்குவதே வழி. நோயாளியின் வாழ்க்கைத் தரத்தில் வரும் ஏற்றத்தில் பெரும் பங்கு திறக்காமல் செய்த துப்புரவிலேயே வந்துவிடுகிறது. அதற்கு மேல் சத்திரசிகிச்சை சேர்ப்பது, ஆளின் வாயால் கேட்டால், கொஞ்சம்தான். முதல் சில நாள் வீக்கம், நோ, ஒரு பக்கம் சப்பமுடியாமை எல்லாம் உண்டு. தையல் 1 முதல் 2 கிழமை நிற்கும், அந்த இடத்தில் பிறஷ் படக்கூடாது. நன்மை வருவது வருடக்கணக்கில், பல் விழாமல் நிற்பதில். 2 மாதத்தில் கேள்விக்கொத்தை நீட்டினால் அது தெரியாது. அதற்காகச் சத்திரசிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுப்பது பிழை, உடனே சுகம் வரும் என்று சொல்லிச் செய்வதும் பிழை.

#11 ஏழுபக்கம்

பனங்கூடல் வருடக்கணக்கு என்றதால் ஒன்றை எழுதவேண்டும். முரசு நோய் தன்பாட்டில் விட்டால் எப்படிப் போகும் என்று உலகம் படித்தது எங்கள் நாட்டில்தான். 1970 இலிருந்து 15 வருடம், மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைத் திரும்பத் திரும்ப அளந்து 1986 இல் வெளியிட்டார்கள். பல் துலக்கும் பழக்கம் இல்லாத, எல்லோருக்கும் காரை நிறைந்த வாய்கள். ஆனால் 8 வீதத்தினருக்கு நோய் வேகமாக ஓடிப் பல் கொட்டியது, 81 வீதத்தினருக்கு நடுத்தரமாகப் போனது, 11 வீதத்தினருக்கு முரசு சிவந்து இருந்ததற்கு மேல் போகவில்லை. ஊத்தை ஒன்றுதான், உடம்பு வேறு வேறு. இன்றைக்கு உலகம் முழுக்க ஒவ்வொரு ஆளின் வேகத்தையும் தனியே பார்க்கச் சொல்லிக்கொடுப்பதில் அந்த 480 பேரின் பங்கு உண்டு. அவர்களுடைய பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு முரசு நோயோடு எந்த ஆஸ்பத்திரிக்கு வந்தாலும், தமிழில் விளங்கப்படுத்தின ஒரு தாளாவது அவர்கள் கையில் போகவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

நடைமுறைக்கு இதில் ஒரு பாடம் உண்டு. "ஊத்தை வாய், அதுதான் வருத்தம்" என்று ஆளைக் குற்றம் சொல்லக்கூடாது. அதே அளவு படலத்தோடு பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். வெட்கப்பட்டுப்போன ஆள் திரும்பி வரமாட்டார்.

#12 குறிகட்டுவான்

இரண்டு தரம் எண்டது நல்ல வழி, மில்லிமீற்றர். பிறகு 3 மாதத்துக்கு ஒருக்கால் வரச்சொல்லுறது எல்லாருக்கும் தேவையோ?

#13 மில்லிமீற்றர்

முதல் வருடம் 3 அல்லது 4 மாதத்துக்கு ஒரு தரம். 4 மில்லிமீற்றருக்கு மேல் ஒரு பொக்கற்றும் இல்லை, 4 இலும் இரத்தமில்லை என்று நிலைத்தால் 6 மாதம் ஆக்கலாம். வருடத்துக்கு மேல் விடவேண்டாம். புகைக்கிறவர், சீனி கட்டுப்படாதவர் 3 மாதத்திலேயே நிற்கவேண்டும். அருகில் உள்ள பிரதேச ஆஸ்பத்திரிப் பல் பிரிவில் இந்தப் பராமரிப்பைச் செய்யமுடிந்தால், ஆழ அட்டையின் ஒரு பிரதியை ஆளின் கையில் கொடுத்துவிடுங்கள். அட்டை இல்லாமல் போனால் அங்கே எது பழைய ஆழம், எது புதியது என்று தெரியாது.

#14 ஈரநூல்

வீட்டில் செய்வதுதான் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிக்கும், அதைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

சிகிச்சைக்குப் பிறகு இடுக்கு அகன்றிருக்கும். சாதாரண பிறஷ் அதற்குள் போகாது. பல்லிடுக்குப் பிறஷ் கிட்டத்தட்ட 0.4 மில்லிமீற்றரிலிருந்து 1.5 வரை பல அளவில் வரும். கீழ் முன்பல்லுக்குச் சிறியது, கடைவாய்க்குப் பெரியது, ஒரு வாய்க்கு இரண்டு அளவு பெரும்பாலும் வேண்டும். கம்பி பல்லில் உரசாமல் உள்ளே போகவேண்டும், மயிர் இரண்டு பக்கமும் தொட்டு மெல்ல இறுகவேண்டும். லூசாகப் போனால் ஒன்றும் துப்புரவாகாது. தள்ளித் திணித்தால் முரசு புண்ணாகும், கம்பி முறியும். முரசுப் பக்கமாகச் சற்றுச் சாய்த்து உள்ளே விட்டு, முழுநீளத்துக்கு ஐந்தாறு தரம் முன்னுக்குப் பின்னுக்கு. பசை தேவையில்லை. கழுவிக் காயவிட்டால் ஒன்று ஒரு கிழமையாவது நிற்கும், மயிர் சரிந்தால் மாற்றவேண்டும்.

பலர் கவனிக்காத இடம்: முதல் நாள் கொடுத்த அளவு 8 கிழமையில் பொருந்தாது. வீக்கம் வற்றி இடுக்கு இன்னும் அகன்றிருக்கும். திரும்ப அளந்து ஒரு படி பெரியதைக் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் ஆள் ஒவ்வொரு இரவும் ஒழுங்காகச் செய்துகொண்டே இருப்பார், இரத்தம் திரும்ப வரும், பழி அவர் தலையில் விழும்.

சாப்பிட்டதும் ஈர்க்கை முறித்துக் குத்துகிற பழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. ஈர்க்கின் நுனி இடுக்கு முரசைக் கிழித்து உள்ளே சிலாம்பை விட்டுவிடும், சில நாளில் சிதல் கட்டும். உமிக்கரி, உப்புத்தூள், சாம்பல் எல்லாம் வெளித்தெரிந்த வேரை அராவும். வேர், மிளிரியைவிட (பல்லின் வெளிப்பூச்சு) மெதுமையானது, சில வருடத்தில் கழுத்துப்பக்கம் பள்ளமாகும். வேப்பங்குச்சியை விரும்புகிறவரிடம் பறிக்கவேண்டாம். நுனியைத் தும்பாகச் சப்பி மென்மையாக்கி, முரசில் குத்தாமல் செய்யட்டும், ஆனால் இடுக்குக்கு அது காணாது என்று சொல்லுங்கள்.

பிறஷ் மென்மயிர் கொண்டதாக இருக்கவேண்டும். பல்லும் முரசும் சேரும் விளிம்பில் 45 பாகை சாய்த்து, சின்ன அசைவாக, மொத்தம் 2 நிமிடம், நாளுக்கு 2 தரம். இரவுத் துலக்கலை ஒருநாளும் விடக்கூடாது. நித்திரையில் உமிழ்நீர் குறையும். விரத நாளிலும் அப்படித்தான் வாய் காயும், மணக்கும். துலக்கி, நாக்கையும் வழித்துவிட்டால் விரதம் முறியாது என்று வயதானவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

#15 வடலி

எல்லாருக்கும் நன்றி. தாளின்ரை முதல் வரைபு இது. பெரிய எழுத்திலை, ஒரு பக்கத்துக்கு மேலை போகாமல் வைக்கப்போறன்.

"இண்டைக்கு: விறைப்பு 3 மணித்தியாலம் வரை இருக்கும். அதுவரை சூடான சாப்பாடு வேண்டாம். சாப்பிடாமலும் வரவேண்டாம். நாளைக்கும் மறுநாளும்: மெல்லிய நோ இருக்கும். முதல் இரண்டு கிழமை: பல்லு கொஞ்சம் ஆடினமாதிரி இருக்கும், துலக்கினால் இரத்தம் வரும். நிறுத்தாமல் துலக்குங்கோ. நாளுக்கு நாள் இரத்தம் குறையவேணும். குறையாமல் கூடினால், சிதல் வடிஞ்சால், காய்ச்சல் வந்தால் சொன்ன நாளுக்குக் காத்திராமல் வாங்கோ. முதல் இரண்டு மாதம்: கூச்சம் இருக்கும், பிறகு குறையும். பல்லு நீளமாத் தெரியும், அது அப்பிடியே இருக்கும். எட்டாம் கிழமை: ஆழம் அளப்பம், பிறஷ் அளவும் மாத்துவம். சப்பிற பக்கம் எது எண்டு பாத்துக்கொண்டு வாங்கோ."

#16 வெள்ளைத்தொப்பி

நல்லாயிருக்கு அண்ணை. நீரிழிவு ஆக்களுக்கு "காலமைச் சாப்பாடும் மருந்தும் வழமைபோலை" எண்டு ஒரு வரி தனியாப் போடுங்கோ. "சாப்பிடாமலும் வரவேண்டாம்" எண்டதை முதல் நாள் கைக்குக் குடுத்தால் பிரயோசனமில்லை, நாள் எழுதிக் குடுக்கேக்கையே தாள் போகவேணும்.

#17 ஏழுபக்கம்

ஒரு சொல் மாற்றம். "கூச்சம் இருக்கும்" என்ற இடத்தை எடுத்துவிட்டு "குளிர்த்தண்ணி பட்டால் பல்லுச் சுள்ளெண்டும்" என்று போடுங்கள்.